மலை இறங்கும்போது ஆக்சிலரேட்டர் திரும்பி வரலையா? கார்புரேட்டரில் கவனிக்க வேண்டிய இரண்டு சின்ன ஸ்க்ரூ!

வெள்ளிமலையில் இருந்து கச்சிராயபாளையம் நோக்கி ஒரு பைக் இறங்கி வருகிறது. எதிரே கொண்டை ஊசி வளைவு. ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டார். ஆனால் இன்ஜின் சத்தம் குறையவில்லை. வண்டி இழுத்துக்கொண்டே போகிறது. அந்த சில நொடிகளில் பிரேக் மட்டும்தான் துணை.

கார்புரேட்டரைக் கழற்றி சர்வீஸ் செய்த வண்டியில், உள்ளே இருக்கும் த்ராட்டில் வால்வு சரியாக உட்காராவிட்டால் இப்படி ஒரு நிலை வர வாய்ப்பு உண்டு. ஜெட் அடைப்பு, ஃப்ளோட், பேக்கிங் என எல்லாவற்றையும் பார்ப்பவர்கள்கூட இந்த ஒரு பாகத்தை அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

த்ராட்டில் வால்வு என்றால் என்ன? அதை நடுவில் உட்கார வைப்பது எப்படி? அதன் ஸ்க்ரூ கழன்று விழாமல் லாக் செய்வது எப்படி? மலைப்பாதையில் ஓட்டுபவர்கள் மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும்? முழு விவரம் இங்கே.

சுருக்கமாக 4 விஷயங்கள்

* த்ராட்டில் வால்வைத் தேவையில்லாமல் கழற்றக் கூடாது. ஷாஃப்ட் தேய்ந்திருந்தாலோ, தகடு வளைந்திருந்தாலோ மட்டுமே கழற்ற வேண்டும்.
* கழற்றும் முன் அடையாளம் போட வேண்டும். தகடு எந்தப் பக்கம், எந்தத் திசை என்பது முக்கியம்.
* ஐட்லிங் ஸ்க்ரூவை முழுவதும் தளர்த்திய பிறகே தகட்டை நடுவில் உட்கார வைக்க வேண்டும்.
* டைட் செய்தால் மட்டும் போதாது. ஸ்க்ரூவை லாக் செய்ய வேண்டும்.

கல்வராயன் மலையில் இது ஏன் முக்கியம்?

விழுப்புரத்தில் இருந்து பிரிக்கப்பட்டு, 2019 நவம்பர் 26-ம் தேதி தமிழ்நாட்டின் 34-வது மாவட்டமாகத் தொடங்கப்பட்டது கள்ளக்குறிச்சி. மாவட்டத்தின் மேற்கே நிற்கிறது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இது, அந்தப் பக்கம் சேலம் மாவட்டத்திலும் கருமந்துறை வரை பரவிக் கிடக்கிறது. மலையின் உயரம் பெரும்பாலும் 2,000 முதல் 3,000 அடி வரை. சில பகுதிகள் அதைவிடவும் உயரம்.

மலையாளி பழங்குடி மக்கள் வாழும் கிராமங்கள் இங்கே நிறைய. மரவள்ளி, சாமை, கடுக்காய் என மலையில் விளைவது கீழே இறங்க வேண்டும். மளிகை, உரம், மருந்து என கீழே வாங்குவது மேலே ஏற வேண்டும். இந்தப் போக்குவரத்தில் பெரும்பங்கு இருசக்கர வாகனங்களுக்கு உண்டு. ஒரு மூட்டையை முன்னால் வைத்து, பின்னால் ஒருவரை உட்கார வைத்து ஏறும் எக்ஸ்எல் வண்டிகளை யாரும் பார்த்திருப்பார்கள். மேகம் அருவி, பெரியார் அருவி பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளின் பைக்குகளும் இதே பாதையில்தான்.

சமவெளியில் ஓடும் வண்டியில் ஆக்சிலரேட்டர் கொஞ்சம் தாமதமாகத் திரும்பினால் பெரிதாகத் தெரியாது. மலை இறக்கத்தில் அப்படி இல்லை. இறங்கும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் விட்டு, கியரில் வைத்து, இன்ஜினின் இழுவையால் வேகத்தைக் கட்டுப்படுத்துவார்கள். இதைத்தான் இன்ஜின் பிரேக்கிங் என்கிறோம். த்ராட்டில் வால்வு முழுசாக மூடினால்தான் இது வேலை செய்யும். கொஞ்சம் திறந்தே இருந்தால் இன்ஜின் வண்டியைத் தள்ளும். மொத்தச் சுமையும் பிரேக் மேல் விழும். பிரேக் சூடாகும், பிடிப்பு குறையும்.

த்ராட்டில் வால்வு என்றால் என்ன?

கார்புரேட்டரின் வேலை, காற்றையும் பெட்ரோலையும் சரியான அளவில் கலந்து இன்ஜினுக்கு அனுப்புவது. அந்தக் கலவை எவ்வளவு போக வேண்டும் என்று முடிவு செய்யும் கதவுதான் த்ராட்டில் வால்வு. கையில் இருக்கும் ஆக்சிலரேட்டரைத் திருகினால் கேபிள் இழுக்கும், கதவு திறக்கும். விட்டால் ஸ்பிரிங் அதை மூடிவிடும்.

இதில் முக்கியமாக இரண்டு வகை உண்டு.

பட்டர்ஃப்ளை வகை: வட்டமான மெல்லிய தகடு. நடுவில் ஒரு ஷாஃப்ட். அந்த ஷாஃப்ட்டில் உள்ள பிளவுக்குள் தகட்டை நுழைத்து, பெரும்பாலும் இரண்டு சின்ன ஸ்க்ரூ போட்டுப் பிடித்திருப்பார்கள். ஷாஃப்ட் சுழன்றால் தகடும் சேர்ந்து திரும்பும்.

ஸ்லைடு வகை: உருளை வடிவத்தில் மேலும் கீழும் ஏறி இறங்கும் பாகம். இதன் அடியில் ஊசி தொங்கும். பல பட்டறைகளில் இதை 'பிஸ்டன்' என்றே சொல்வார்கள்.

மூன்றாவதாக இரண்டும் கலந்த ஒரு வகையும் உண்டு. இதில் கேபிள் இழுப்பது பட்டர்ஃப்ளை தகட்டை. ஸ்லைடு தனியாக, ரப்பர் டயாஃப்ரம் மூலம் காற்றழுத்த வேறுபாட்டால் தானாக ஏறி இறங்கும். இதை சி.வி. கார்புரேட்டர் என்பார்கள். 150 சிசி-க்கு மேற்பட்ட பல பைக்குகளில் இது வந்தது.

எந்த வண்டியில் எது?

1980-ல் அறிமுகமான டிவிஎஸ் 50 முதல் பல மொபெட்கள், 100 சிசி பைக்குகள், பழைய ஸ்கூட்டர்கள் எல்லாம் பெரும்பாலும் ஸ்லைடு வகை. 1955-ல் சென்னையில் தயாரிப்பைத் தொடங்கிய புல்லட்டின் பழைய மாடல்களிலும் ஸ்லைடுதான். அவற்றில் பலவற்றில் 'மிக்கார்ப்' என்ற பெயரைப் பார்க்கலாம். ஜப்பானின் மிகுனி நிறுவனத்தின் தொழில்நுட்பத்துடன், சென்னையை அடுத்த மறைமலை நகரில் ஆலை வைத்திருக்கும் யூகால் நிறுவனம் தயாரித்தது அது.

கார்கள் என்றால் பட்டர்ஃப்ளை. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ன் பழைய மாடல்கள், பிரீமியர் பத்மினி, அம்பாசடர் பெட்ரோல் வண்டிகள் எல்லாம் இந்த வகை. வயலில் பயன்படுத்தும் சின்ன பெட்ரோல் பம்ப்செட், பவர் ஸ்பிரேயர், புல் வெட்டும் இயந்திரம் போன்றவற்றின் கார்புரேட்டரிலும் பெரும்பாலும் சிறிய பட்டர்ஃப்ளை தகடு இருக்கும்.

2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்-6 விதி வந்த பிறகு, புதிய இருசக்கர வாகனங்களில் பெரும்பாலானவை ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. ஆனால் அதற்கு முன் விற்ற வண்டிகள் இன்னும் சாலையில் ஓடுகின்றன. பழகிய கை, குறைந்த செலவு, ஊரிலேயே ரிப்பேர் செய்யலாம் என்பதால் மலைக் கிராமங்களில் அவற்றை எளிதில் விடமாட்டார்கள்.

சரியாக உட்காராவிட்டால் என்ன ஆகும்?

பட்டர்ஃப்ளை தகடு பார்க்க வட்டமாகத் தெரியும். ஆனால் பல கார்புரேட்டர்களில் அது முழு வட்டம் கிடையாது. மூடிய நிலையில் தகடு நேராக நிற்காமல், கொஞ்சம் சாய்வாகப் போய் உட்காரும். அதற்கேற்ப தகடு லேசான முட்டை வடிவத்தில் இருக்கும். விளிம்பும் சாய்வாகச் சீவப்பட்டிருக்கும். அதனால்தான் தகட்டைப் புரட்டிப் போட்டாலோ, தலைகீழாகப் போட்டாலோ முழுசாக மூடாது.

தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக ஒரு பக்கம் தள்ளி உட்கார்ந்தாலே கீழ்க்கண்ட பிரச்னைகள் வரும்.

* ஐட்லிங் குறையாது. ஐட்லிங் ஸ்க்ரூவை முழுவதும் தளர்த்தினாலும் இன்ஜின் ரேஸ் ஆகிக்கொண்டே இருக்கும்.
* தகட்டின் விளிம்பு சுவரில் உரசி, மூடிய இடத்திலேயே சிக்கிக்கொள்ளும். ஆக்சிலரேட்டரைத் திருகினால் முதலில் வராது, பிறகு திடீரென்று விடுபடும்.
* நாளடைவில் விளிம்பு சுவரைச் சுரண்டிப் பள்ளமாக்கும். அதன் பிறகு தகட்டை எப்படி வைத்தாலும் சரியாக மூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. மூடிய தகட்டின் விளிம்புக்குப் பக்கத்திலேயே கார்புரேட்டர் சுவரில் ஊசி முனை அளவு துளைகள் இருக்கும். ஐட்லிங்கில் இருந்து வேகம் எடுக்கும் அந்த முதல் நொடிக்கு பெட்ரோல் தருவது இந்தத் துளைகள்தான். தகடு இடம் மாறினால் துளைகள் திறக்கும் நேரமும் மாறும். 'ஸ்டார்ட் பண்ணி எடுக்கும்போது ஒரு திணறு திணறுது' என்று வரும் புகாருக்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஸ்க்ரூ கழல்வது. பாதி கழன்ற ஸ்க்ரூ, தகட்டைத் திறந்த நிலையிலேயே சிக்க வைக்கலாம். முழுவதும் கழன்றால் காற்றோடு சேர்ந்து நேராக இன்ஜினுக்குள் போய்விடும். இடையில் தடுக்க எதுவும் இல்லை. வால்வு வளையலாம், பிஸ்டன் அடிபடலாம். கண்ணுக்கே தெரியாத ஒரு ஸ்க்ரூவுக்காக இன்ஜினையே பிரிக்க வேண்டி வரும்.

ஆக்சிலரேட்டர் திரும்பி வராத சிக்கல் உலகப் பெரிய நிறுவனங்களையும் விட்டதில்லை. 2009-2010-ல் டொயோட்டா நிறுவனம் ஆக்சிலரேட்டர் பெடல், தரைவிரிப்பு தொடர்பான கோளாறுகளுக்காக பல லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அங்கே காரணம் வேறு. ஆனால் ஓட்டுபவருக்கு நேரும் ஆபத்து ஒன்றுதான்.

முதல் கேள்வி: கழற்றத்தான் வேண்டுமா?

கார்புரேட்டர் ஓவர்ஹாலிங் என்றாலே எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்று இல்லை. பட்டர்ஃப்ளையும் ஷாஃப்ட்டும் நல்ல நிலையில் இருந்தால் அப்படியே விட்டுச் சுத்தம் செய்வதுதான் பாதுகாப்பு. தொழிற்சாலையில் உட்கார வைத்த துல்லியம் அப்படியே இருக்கும்.

கழற்ற வேண்டுமா என்று தெரிந்துகொள்ள மூன்று சோதனைகள் போதும்.

1. ஷாஃப்ட்டின் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆடினால் ஷாஃப்ட் அல்லது அது உட்காரும் துளை தேய்ந்திருக்கிறது. அந்த இடைவெளி வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். ஐட்லிங் ஏறி இறங்கி ஆடும்.
2. தகட்டை மூடி, மறுபக்கம் மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும் பிறை மாதிரி தெரிந்தால் தகடு நடுவில் இல்லை.
3. கையால் திறந்து சட்டென்று விடுங்கள். 'டக்' என்று மூட வேண்டும். மெதுவாக வந்தாலோ, நடுவில் நின்றாலோ காரணம் தேட வேண்டும். அழுக்கு, பலவீனமான ஸ்பிரிங், வளைந்த ஷாஃப்ட் என எதுவாகவும் இருக்கலாம்.

மூன்றிலும் தேறினால் ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டாம்.

கழற்றும்போது கவனம்

பட்டர்ஃப்ளை ஸ்க்ரூவின் பின்முனையைக் கவனித்துப் பார்த்தால், அது நசுக்கப்பட்டோ விரிக்கப்பட்டோ இருக்கும். கழன்று வராமல் இருக்க தொழிற்சாலையில் செய்த லாக் அது. இதைக் கவனிக்காமல் ஸ்க்ரூ டிரைவர் போட்டு பலமாகத் திருகினால் ஸ்க்ரூவின் தலை பிய்ந்துவிடும், அல்லது ஷாஃப்ட்டில் உள்ள மரை போய்விடும். மெல்லிய ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு.

எனவே முதலில் அந்த நசுங்கிய முனையைச் சின்ன அரம் கொண்டு ஷாஃப்ட் மட்டத்துக்கு ராவிவிட வேண்டும். அதன் பிறகு ஸ்க்ரூவின் தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பிடித்துத் திருக வேண்டும். ராவும்போது விழும் தூள் கார்புரேட்டர் துளைகளுக்குள் போகாமல் துணி வைத்து அடைத்துக்கொள்வது நல்லது.

தகட்டை உருவும் முன் அடையாளம் மிக முக்கியம். எந்த முகம் இன்ஜின் பக்கம், எந்த விளிம்பு மேல் பக்கம் என்று கூரான முனையால் லேசாகக் கீறி வைக்கலாம். சில தகடுகளில் எண் பொறித்திருக்கும். அது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. இரண்டு தகடு உள்ள கார்புரேட்டர் என்றால் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் மாற்றிப் போடக் கூடாது.

தகட்டின் விளிம்பை எமரி ஷீட்டால் தேய்ப்பது, அரம் போடுவது கூடவே கூடாது. 'கொஞ்சம் தேய்ச்சா ஃப்ரீயாயிடும்' என்று செய்தால், பிறகு அது முழுசாக மூடவே மூடாது.

நடுவில் உட்கார வைப்பது எப்படி?

இதுதான் மொத்த வேலையின் மையம். படிப்படியாகப் பார்க்கலாம்.

படி 1: ஐட்லிங் ஸ்க்ரூவை முழுவதும் தளர்த்துங்கள். அது தகட்டைக் கொஞ்சம் திறந்து பிடித்திருக்கும். அதைத் தளர்த்தாமல் தகட்டை வைத்தால், மூடாத நிலையிலேயே நடுவில் வைத்ததாக ஆகிவிடும். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. சோக் இணைப்புக் கம்பி எதுவும் தகட்டைத் திறந்து வைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

படி 2: சுத்தம் செய்த ஷாஃப்ட்டை நுழைத்து, ஸ்பிரிங்கைப் பழைய இடத்திலேயே மாட்டுங்கள். ஷாஃப்ட் தடையில்லாமல் சுழல வேண்டும்.

படி 3: அடையாளம் பார்த்து தகட்டைப் பிளவுக்குள் நுழையுங்கள். இரண்டு ஸ்க்ரூவையும் போடுங்கள். ஆனால் டைட் செய்ய வேண்டாம். தகடு லேசாக நகரும் அளவுக்கு லூஸாக இருக்கட்டும்.

படி 4: தகட்டை நான்கைந்து முறை திறந்து சட்டென்று மூட விடுங்கள். ஒவ்வொரு முறை மூடும்போதும் தகடு தானாகவே தன் இடத்தைத் தேடிக்கொள்ளும். ஷாஃப்ட் பக்கவாட்டில் கொஞ்சம் நகரும் என்றால், இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 5: மூடிய நிலையில் தகட்டை விரலால் மெதுவாக அழுத்திப் பிடித்தபடி வெளிச்சத்தில் பாருங்கள். சுற்றிலும் வெளிச்சமே தெரியாமலோ, எல்லாப் பக்கமும் ஒரே சீரான மெல்லிய கோடாகவோ இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தடிமனாகத் தெரிந்தால் மீண்டும் படி 4.

படி 6: பிடித்த பிடி விடாமல் இரண்டு ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக டைட் செய்யுங்கள். ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் தகடு இழுபட்டுவிடும்.

படி 7: மீண்டும் வெளிச்சச் சோதனை. மீண்டும் திறந்து மூடும் சோதனை. மூடும் இடத்தில் ஒட்டிக்கொள்ளக் கூடாது. முழுசாகத் திறந்தால் தகடு காற்று போகும் திசைக்கு நேராக நிற்க வேண்டும். எல்லாம் சரி என்றால் மட்டுமே லாக் செய்ய வேண்டும். லாக் செய்த பிறகு திருத்துவது கஷ்டம்.

ஸ்க்ரூவை லாக் செய்வது எப்படி?

'நல்லா டைட் பண்ணியாச்சு, இனி கழலாது' என்று நினைப்பது தவறு. இன்ஜின் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் கார்புரேட்டர் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. கரடுமுரடான மலைச் சாலையில் அந்த அதிர்வு இன்னும் அதிகம். 3, 4 மில்லிமீட்டர் பருமனுள்ள சின்ன ஸ்க்ரூவை அளவுக்கு மீறி இறுக்கவும் முடியாது, மரை போய்விடும். அதனால்தான் தனியாக லாக் தேவை.

முனையை நசுக்குவது: ஸ்க்ரூவின் பின்முனையைச் சின்ன பஞ்ச் வைத்துத் தட்டி, அல்லது பிளையரால் அழுத்தி, லேசாக விரியச் செய்வது. தட்டும்போது ஷாஃப்ட்டுக்கு அடியில் சரியான தாங்கல் இருக்க வேண்டும். தாங்கல் இல்லாமல் தட்டினால் ஷாஃப்ட் வளையும். அதுவரை செய்த அத்தனை வேலையும் வீண். எஸ்.யூ. வகை கார்புரேட்டர்களில் ஸ்க்ரூவின் முனையே இரண்டாகப் பிளந்திருக்கும். அதைத் தட்ட வேண்டாம், பிளவை மெதுவாக விரித்துவிட்டால் போதும்.

த்ரெட் லாக்கர் போடுவது: மரையில் ஒரு சொட்டு விட்டால் இறுகிப் பிடிக்கும் திரவம். நடுத்தர வலிமை உள்ளதைப் பயன்படுத்த வேண்டும், பொதுவாக நீல நிறத்தில் இருக்கும். மரையில் பெட்ரோல், ஆயில் ஈரம் துளியும் இருக்கக் கூடாது. ஒரு சொட்டுக்கு மேல் விட்டால் வழிந்து ஷாஃப்ட்டையே ஒட்டிவிடும். முழு வலிமை வர பொதுவாக 24 மணி நேரம் ஆகும். அதற்கு முன் பெட்ரோல் பட்டால் கரைந்துவிட வாய்ப்பு உண்டு. 'காலைல குடுத்து மத்தியானம் எடுத்துக்கலாம்' என்ற அவசரம் இங்கே வேண்டாம்.

கடைகளில் கிடைக்கும் இன்ஸ்டன்ட் பசை, நெயில் பாலிஷ் போன்றவை இதற்கு மாற்று அல்ல. ஏற்கெனவே முனை நசுக்கி, ராவி எடுத்த பழைய ஸ்க்ரூவை மீண்டும் போடுவதைவிட, அதே அளவில் புது ஸ்க்ரூ போடுவது நல்லது. நீளம் அதிகமான ஸ்க்ரூ போட்டால் அது தகடு திரும்பும்போது சுவரில் இடிக்கலாம். அதையும் பார்க்க வேண்டும்.

எக்ஸ்எல், 100 சிசி பைக் வைத்திருப்பவர்களுக்கு

ஸ்லைடு வகையில் தகட்டு ஸ்க்ரூ கிடையாது. ஆனால் திசை தவறு இங்கேயும் நடக்கும். ஸ்லைடின் அடிப்பக்கத்தில் ஒரு பக்கம் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். அந்த வெட்டு ஏர் ஃபில்டர் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். ஸ்லைடின் பக்கவாட்டில் உள்ள காடி, கார்புரேட்டர் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முனையில் சரியாக உட்கார வேண்டும்.

தப்பாகத் திருப்பிப் போட்டால் ஸ்லைடு முழுசாக இறங்காது. ஸ்டார்ட் செய்த உடனே இன்ஜின் அலறும். அதனால் மேல்மூடியை மூடும் முன் ஸ்லைடைக் கையால் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் போய் வர வேண்டும். ஊசியின் கிளிப் எந்தக் காடியில் இருந்ததோ அதிலேயே போட வேண்டும். கிளிப் சரியாக மாட்டாவிட்டால் ஊசி நழுவும்.

சி.வி. வகையில் ரப்பர் டயாஃப்ரமில் ஓட்டை இருக்கிறதா என்றும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

மாட்டிய பிறகு கட்டாயம் செய்ய வேண்டியவை

* ஸ்டார்ட் செய்யும் முன் ஆக்சிலரேட்டரை முழுவதும் திருகி விட்டுப் பாருங்கள். தானாகத் திரும்பி வர வேண்டும்.
* ஆக்சிலரேட்டரில் லேசான தளர்வு இருக்க வேண்டும். பல பைக் கையேடுகளில் 2 முதல் 6 மில்லிமீட்டர் என்று சொல்லப்பட்டிருக்கும்.
* இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது ஹேண்டில்பாரை முழுவதும் இடது, முழுவதும் வலது திருப்பிப் பாருங்கள். இன்ஜின் வேகம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது. கொண்டை ஊசி வளைவில் ஹேண்டிலை ஒடிக்கும்போது இது ஆபத்து.
* இன்ஜின் நன்றாகச் சூடான பிறகே ஐட்லிங்கை வையுங்கள். 100 முதல் 150 சிசி பைக்குகளில் பொதுவாக 1,400 ஆர்.பி.எம். அளவில் இருக்கும்.
* முதல் ஓட்டம் சமதளத்தில் இருக்கட்டும். நேராக மலைக்குக் கிளம்ப வேண்டாம்.

'அண்ணே, மலை ஏறினா ஐட்லிங் நிக்கலண்ணே'

அடிவாரத்துப் பட்டறைகளுக்குப் பழக்கமான புகார் இது. இதில் பாதி இயற்கையின் வேலை. 3,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட சுமார் 8 முதல் 9 சதவீதம் குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. பெட்ரோலை ஏறக்குறைய பழைய அளவிலேயே விடும். காற்று குறைந்து பெட்ரோல் கூடுதலாகிவிடும். வண்டி கொஞ்சம் மந்தமாக இழுக்கும். ஐட்லிங்கும் லேசாக மாறலாம்.

நல்ல நிலையில் உள்ள கார்புரேட்டர் இந்த உயரத்தைச் சமாளித்துவிடும். மேலே போனதும் வண்டி அடிக்கடி அணைந்தாலோ, ஐட்லிங் தாறுமாறாக ஆடினாலோ ஏர் ஃபில்டர் அடைப்பு, தேய்ந்த ஷாஃப்ட், நடுவில் இல்லாத தகடு என வேறு காரணம் தேட வேண்டும். அதைத் தேடாமல் ஐட்லிங் ஸ்க்ரூவை மட்டும் ஏற்றி வைப்பது தற்காலிக சமாளிப்பு. மேலே ஏற்றி வைத்த அதே ஐட்லிங்கோடுதான் வண்டி கீழே இறங்கப் போகிறது. அப்போது இன்ஜின் பிரேக்கிங் குறைந்திருக்கும்.

ஓடும்போது சிக்கிவிட்டால் என்ன செய்வது?

பைக்: கில் ஸ்விட்ச்சை அணைக்க வேண்டும். அது இல்லாத வண்டியில் சாவியை ஆஃப் செய்ய வேண்டும். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, கியரிலேயே வேகத்தைக் குறைத்து ஓரம் கட்ட வேண்டும். உடனே அணைக்க முடியாவிட்டால் கிளட்சைப் பிடித்து இன்ஜின் இழுவையைத் துண்டிக்க வேண்டும். கிளட்ச் லீவர் இல்லாத மொபெட், ஸ்கூட்டரில் இன்ஜினை அணைப்பதும் பிரேக்கும்தான் வழி.

கார்: பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடிக்க வேண்டும். விட்டு விட்டு அழுத்தினால் பூஸ்டர் உதவி குறைந்துவிடும். கியரை நியூட்ரலுக்கு மாற்ற வேண்டும். சாதாரணமாக இறக்கத்தில் நியூட்ரல் கூடாது, இது விதிவிலக்கு. வண்டி நின்ற பிறகு இன்ஜினை அணைக்கலாம். ஓடும்போது சாவியை உருவக் கூடாது, ஸ்டியரிங் லாக் ஆகிவிடும்.

நின்ற பிறகு 'இப்போ சரியாயிடுச்சு' என்று மீண்டும் ஓட்ட வேண்டாம். ஒருமுறை சிக்கியது காரணம் சரியாகும் வரை மறுமுறையும் சிக்கும்.

ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் இது உண்டா?

உண்டு. கார்புரேட்டர் போனாலும் காற்றை அளக்கும் பட்டர்ஃப்ளை தகடு 'த்ராட்டில் பாடி'யில் இருக்கிறது. ஆனால் அதன் நிலை சென்சாரோடு சேர்த்து தொழிற்சாலையிலேயே செட் செய்யப்பட்டது. சில ஸ்க்ரூக்கள் மேல் பெயின்ட் வைத்து சீல் செய்திருப்பார்கள். அவற்றைத் தொடாமல் சுத்தம் மட்டும் செய்வதே சரி.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

கார்புரேட்டர் வேலைக்கு வண்டியை விட்டிருந்தால், திரும்ப எடுக்கும்போது இவற்றைக் கேளுங்கள்.

1. பட்டர்ஃப்ளையைக் கழற்றினீர்களா, அப்படியே விட்டீர்களா?
2. கழற்றியிருந்தால் புது ஸ்க்ரூ போட்டீர்களா?
3. முனை நசுக்கியதா, த்ரெட் லாக்கரா? லாக்கர் என்றால் எத்தனை மணி நேரம் ஆனது?
4. ஷாஃப்ட்டில் ஆட்டம் இருந்ததா?
5. ஹேண்டிலைத் திருப்பி ஐட்லிங் பார்த்தீர்களா?

நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். கழற்றிய பழைய ஸ்க்ரூவை எடுத்துக் காட்டியே பதில் சொல்வார். இந்த வேலைக்குக் கூடுதலாக ஆவது கொஞ்ச நேரமும் இரண்டு ஸ்க்ரூவும்தான். த்ரெட் லாக்கர் போட்டிருந்தால் ஒரு நாள் காத்திருக்க வேண்டும். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறப்போகும் வண்டிக்கு அந்த ஒரு நாளைக் கொடுத்துவிடுங்கள்.